டயருக்குள் திரவம் ஊற்றுவதா, வெயிட் ஒட்டுவதா? முள்ளுக்காட்டுக்கு ஒரு பதில், நான்குவழிச் சாலைக்கு வேறு பதில்

போன மாதம் வள்ளியூரிலிருந்து என் அக்கா மகன் போன் செய்தான். காருக்கு நாலு டயரும் மாற்றப் போன இடத்தில் கடைக்காரர் ஒரு பாட்டிலைக் காட்டி, "அண்ணாச்சி, இத ஊத்திட்டா பஞ்சரும் கிடையாது, பேலன்சிங்கும் வேண்டாம், வண்டி தானா பேலன்ஸ் ஆயிக்கிடும்" என்றாராம். "மாமா, நல்லாத்தான் சொல்லுதாரு. ஊத்தட்டுமா, வேண்டாமா? பாட்டிலோட நிக்காரு" என்றான்.

இதே கேள்வியைக் களக்காட்டில் வாழைத்தார் ஏற்றும் லோடு ஆட்டோ வைத்திருப்பவர் கேட்டிருக்கிறார், ஸ்கூட்டரில் தினமும் கிராமத்துப் பள்ளிக்கூடம் போய்வரும் டீச்சர் கேட்டிருக்கிறார். மூன்று பேருக்கும் நான் சொன்னது ஒரே பதில் இல்லை. ஒருவருக்கு ஊற்றுங்கள் என்றேன், ஒருவருக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள் என்றேன். ஏன் அப்படி மாறுகிறது என்பதை முழுசாக எழுதிவிடுகிறேன், நீங்களே உங்கள் வண்டிக்குப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

## முதலில் எதை வைத்து முடிவு செய்வது

உங்கள் டயரைக் குத்துவது எது? நம் நெல்லைப் பக்கத்தில் இதுதான் முதல் கேள்வி. ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்குச் சீமைக்கருவேல முள்ளும் உடைமுள்ளும்தான் எதிரி. கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப்போன வண்டி உதிர்த்துவிட்டுப் போகும், ஆட்டுப் பட்டிக்கு வேலி அடைக்க முள்ளை இழுத்துக்கொண்டு போன மறுநாள் ரோடு முழுக்கக் கிடக்கும். இந்த முள் இருசக்கர வண்டியின் மெல்லிய டயரைச் சுலபமாகக் குத்திவிடும். புதுக் கார் டயரிலோ பட்டன், அதாவது சாலையில் படும் ரப்பர்க் கட்டைகள், மட்டுமே 7, 8 மி.மீ. இருக்கும், அதற்கடியில் இரும்புக் கம்பிப் பட்டை வேறு. அங்கே முள் பெரும்பாலும் ஒடிந்துதான் போகும். காரைக் குத்துவது ஆணியும் திருகாணியும்.

எந்த வேகத்தில் ஓட்டுகிறீர்கள்? பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடை ஒரு பக்கம் கூடாமல் சுற்றிலும் சமமாக இருக்கும்படி செய்வது, அது வேகத்தோடு மட்டுமே சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 இஞ்ச் ரிம், டயரோடு சேர்த்து 60 செ.மீ. விட்டம், ரிம் ஓரத்தில் 30 கிராம் கூடுதல் எடை என்று வைத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் அந்த 30 கிராம் சக்கரத்தை ஏறத்தாழ 5 கிலோ பலத்தோடு இழுக்கிறது, அதுவும் நொடிக்குக் கிட்டத்தட்ட 15 தடவை திசை மாறி மாறி. வேகம் பாதியாக, 50-ஆகக் குறைந்தால் அந்த இழுப்பு கால்பங்காகி ஒண்ணேகால் கிலோவுக்கு வந்துவிடும். அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாமல் இருந்து, நான்குநேரி தாண்டி மிதித்ததும் ஸ்டியரிங் ஆட ஆரம்பிக்கிறது.

மூன்றாவது, டியூப் டயரா, டியூப்லெஸ்ஸா. நாலாவது, நின்றுபோனால் யார் வருவார்கள் என்பது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நின்றால் கூப்பிடு தூரத்தில் பஞ்சர் கடை உண்டு, மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏற்றத்தில் நின்றால் யாரும் இல்லை. ஐந்தாவது, இன்றைக்குக் கொடுக்கிற காசு போக, இரண்டு வருஷம் கழித்து எவ்வளவு கொடுக்கப் போகிறீர்கள் என்பது. பலரும் இந்த ஐந்தாவதைக் கேட்பதே இல்லை.

## ஒரே திரவத்திடம் இரண்டு எதிரெதிர் வேலை

ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும், என் முடிவு முழுக்க இதில்தான் நிற்கிறது.

இந்தத் திரவம் பெரும்பாலும் தண்ணீரும் கிளைக்கால் என்ற ரசாயனமும் கலந்த கூழ். அதில் நார், ரப்பர்த் துகள் போன்றவை மிதக்கும். சக்கரம் சுற்றும்போது கூழ் டயரின் உள்பக்கத்தில் பட்டன் பகுதிக்குப் பின்னால் படர்ந்து ஒட்டிக்கொள்ளும். முள் குத்தி ஓட்டை விழுந்தால், வெளியே பாயும் காற்று கூழையும் இழுத்துக்கொண்டு போகும், நார்கள் ஓட்டையில் சிக்கிப் பின்னிக்கொண்டு அடைத்துவிடும். நல்ல ஏற்பாடு, வேலையும் செய்கிறது. ஆனால் இதற்கு அந்தக் கூழ் கெட்டியாக, விட்ட இடத்தில் ஒட்டி நிற்பதாக இருக்க வேண்டும்.

பேலன்சிங் கதை வேறு. திரவத்தை வைத்துச் சமன் செய்வது பொய் இல்லை. பல வாஷிங் மெஷின்களில் ட்ரம் ஓரத்து வளையத்துக்குள் உப்புத்தண்ணீர் இருக்கிறது, துணி ஒரு பக்கம் குவிந்தால் அது எதிர்ப்பக்கம் நகர்ந்து சமன் செய்கிறது. அங்கே அது தண்ணீர்போல ஓட வேண்டும், ஓடினால்தான் நகரும். அதோடு ட்ரம் தன் இயல்பான ஆட்ட வேகத்தைத் தாண்டிச் சுற்றும்போதுதான் நீர் சரியான பக்கம் போகும், அதற்குக் கீழே சுற்றும்போது கனமான பக்கத்துக்கே போய்ச் சேர்ந்து ஆட்டத்தைக் கூட்டிவிடும். கார் சக்கரம் மேலும் கீழும் துள்ளுகிற இயல்பு வேகம் நொடிக்குச் சுமார் 10 முதல் 15 தடவை. மேலே சொன்ன டயர் 70 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 10 தடவை சுற்றும், 100-இல் 15 தடவை. அதாவது நாம் சாலையில் ஓட்டும் வேகமெல்லாம் அந்த எல்லைக்குக் கீழே அல்லது சரியாக அந்த எல்லையிலேயே இருக்கிறது, வாஷிங் மெஷின்போல அதைத் தாண்டிப் போவதே அபூர்வம்.

ஆக ஓட்டை அடைக்கக் கெட்டியாக நிற்க வேண்டும், சமன் செய்ய இளகி ஓட வேண்டும். ஒரே கூழால் இரண்டும் முழுசாக முடியாது. பாட்டிலில் இரண்டையும் எழுதியிருந்தால் முதலாவதை நம்பலாம், இரண்டாவதை நான் நம்பமாட்டேன். இன்னொன்று, சக்கரத்தின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு தளத்திலும் எடை சரியாக இருக்க வேண்டும், மெஷினில் மாட்டிப் பார்ப்பவர் இரண்டு பக்கமும் தனித்தனியாக வெயிட் ஒட்டுவது அதற்காகத்தான். நடுவில் படர்ந்திருக்கும் கூழுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

## வெயிட் ஒட்டிப் பேலன்சிங், பஞ்சர் ஆனால் திரி

பழைய வழி இது. டயர் மாற்றும்போது மெஷினில் மாட்டி 5 கிராம், 10 கிராம் என்று வெயிட் ஒட்டுவது, பஞ்சர் ஆனால் ஆணியைப் பிடுங்கி ரப்பர்த் திரி சொருகுவது, கொஞ்சம் பெரிய ஓட்டை என்றால் டயரைக் கழற்றி உள்ளே ஒட்டுப் போடுவது.

வேகத்தில் ஓட்டும் காருக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. என்ன குறை இருந்தது, எங்கே சரிசெய்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும், எந்த ஊர் மெஷினில் மாட்டினாலும் திரும்பச் சரிபார்க்கலாம். எங்கள் பக்கம் டியூப்லெஸ் திரிக்கு 100, 150 ரூபாய் வாங்குகிறார்கள், ராத்திரியில் ஆளை வரவழைத்தால் 300 வரை நான் கொடுத்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு என்றால் நேரமும் இடமும்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை பூட்டிக் கிடக்கும். அப்புறம் ஒட்டின வெயிட் கழன்று விழுவது உண்டு, அலாய் வீலில் பசையால் ஒட்டியது சேற்றிலும் தண்ணீரிலும் ஓடினால் சீக்கிரம் விடும். பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் வண்டி ஆடுவதைப் பேலன்சிங் கோளாறு என்று நினைத்துக் காசு செலவழிப்பவர்களும் உண்டு. காற்றுத் தள்ளினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், பேலன்சிங் கோளாறு என்றால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் கையில் நடுங்கும். காற்று இல்லாத காலையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

## முன்கூட்டியே ஊற்றிவைக்கும் திரவம்

இதை நான் இரண்டு வண்டியில் ஊற்றிப் பார்த்தவன், இரண்டிலும் எதிரெதிர் அனுபவம்.

வீட்டு ஸ்கூட்டருக்கு ஊற்றினோம். என் மனைவி பத்தமடை தாண்டி வாய்க்கால் கரை வழியாகத் தினமும் போய்வருவாள், மாதத்துக்கு ஒரு தடவையாவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பாள். ஊற்றின பிறகு டயர் தேயும்வரை ஒரு தடவைகூடத் தள்ளவில்லை. டயரைக் கழற்றியபோது உள்பக்கம் தடவிப் பார்த்தேன், ஒடிந்த முள் நுனி ஏழு கையில் தட்டியது. ஏழும் அவளுக்குத் தெரியாமலே குத்தி, தெரியாமலே அடைபட்டவை. தனியாகப் போய்வரும் ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று காசில் சொல்ல முடியாது.

காரில் ஊற்றியது வேறு கதை. ஊற்றின கொஞ்ச நாளில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு ரயிலில் பெங்களூர் போய் இரண்டு வாரம் மகள் வீட்டில் இருந்தோம். திரும்பி வந்து நாகர்கோவிலுக்கு எடுத்தால் 60 தாண்டியதுமே கைநடுக்கம். நின்ற இடத்தில் கூழ் கீழே இறங்கித் தேங்கியிருக்கிறது. ஒரு கார் டயருக்கு 300, 400 மி.லி. ஊற்றுகிறார்கள், எடையில் அதுவே 300, 400 கிராம் தாண்டும். சக்கரத்தின் குறையோ 20, 30 கிராம்தான். அந்தக் குறையைச் சரிசெய்ய வந்தது அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் ஒரே இடத்தில் குவிந்தால் என்ன ஆகும்? ஓட ஓடக் கொஞ்சம் படர்ந்து நடுக்கம் குறைந்தது, ஆனால் போகவில்லை. கடையில் மெஷினில் மாட்டினால் ஒரு தடவை 25 காட்டுகிறது, நிறுத்தித் திரும்பச் சுற்றினால் 60, இடமும் மாறுகிறது. உள்ளே கூழ் நகர்ந்துகொண்டே இருக்கும்போது மெஷின் எதைத்தான் அளக்கும்? கடைசியில் நாலையும் கழற்றிக் கழுவினோம், அரை நாள் போயிற்று. பின் டயர் ஒன்றில் ஆணி இருந்தது, குத்தி எத்தனை நாளோ, அதைச் சுற்றிக் கம்பிப் பட்டையில் துரு ஏற ஆரம்பித்திருந்தது.

அந்த ஆணிதான் இந்த வழியின் பெரிய ஆபத்து. திரவம் ஓட்டையை மட்டும் அடைப்பதில்லை, ஓட்டை விழுந்த செய்தியையும் அடைத்துவிடுகிறது. ஆணி உள்ளேயே இருக்கிறது, நீங்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு 100-இல் போகிறீர்கள். ஊற்றினவர்கள் வாரம் ஒரு தடவை டயரைச் சுற்றிக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

மற்ற மறைமுகச் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். பட்டன் பகுதியில் விழும் சின்ன ஓட்டையைத்தான் அடைக்கும். பொதுவாக 4 முதல் 6 மி.மீ. வரை என்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் உதவாது, கல்லில் மோதிக் கிழிந்தாலும் உதவாது. நம் வெயிலில் கூழ் மெல்லக் காய்ந்து கட்டியாகும், இரண்டு வருஷத்துக்கு மேல் அதை நம்பி ஓட்ட வேண்டாம். காய்ந்ததைச் சுரண்டி எடுக்கக் கடைக்காரர் கூடுதல் காசு கேட்பார், கேட்பது நியாயமும்கூட, கூழ் பட்ட இடத்தில் பசை ஒட்டாது. மட்டமான சரக்காக இருந்தால் இரும்பு ரிம்மில் துரு ஏறும். டயருக்குள் காற்றழுத்தத்தைப் பார்த்துச் சொல்லும் சென்சார் இருந்தால் அதன் துளையை அடைத்துத் தவறாகக் காட்டவைக்கலாம். சில டயர் கம்பெனிகள் திரவம் ஊற்றிய டயருக்கு வாரண்டி தராது, பில் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

கழுவிய தண்ணீரை முற்றத்தில் ஊற்றாதீர்கள். எத்திலின் கிளைக்கால் கலந்த சரக்கு விஷம், அதன் ருசியோ இனிப்பு. நாயும் ஆடும் நக்கிவிடும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். புரோப்பிலின் கிளைக்கால் சேர்த்தது அதைவிட எவ்வளவோ தேவலை, வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

டியூப் டயர் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டியூப் மெல்லிய ரப்பர், இழுபட்டு நிற்பது. ஆணி குத்தினால் அசைந்து அசைந்து கிழித்துவிடும், கிழிசலைத் திரவம் அடைக்காது. சின்ன முள்ளுக்கு மட்டும் கொஞ்சம் பலன் உண்டு, அதற்கும் டியூபுக்கென்று விற்பதைத்தான் வாங்க வேண்டும்.

## கையோடு ஒரு திரி செட்டும் சின்னக் கம்ப்ரசரும்

பலர் நினைத்தே பார்க்காத வழி, காருக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி. கார் சார்ஜர் துளையில் சொருகும் கம்ப்ரசர் ஒன்று, துளைக்கிற ஊசி, திரி சொருகும் ஊசி, பத்துப் பதினைந்து ரப்பர்த் திரி. ஒரு தடவை வாங்கினால் பல வருஷம் வரும். திரிக்கு மட்டும் ஆயுள் உண்டு, காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பேலன்சிங்கை இது தொடுவதில்லை, ஒட்டின வெயிட் அப்படியே இருக்கும். ஆணி எங்கே குத்தியது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் கை வலு வேண்டும், கம்பிப் பட்டைக்குள் ஊசியை இறக்குவது முதல் தடவை திணறடிக்கும். பழைய டயர் ஒன்றில் ஆணி அடித்து வீட்டிலேயே இரண்டு தடவை பழகிக்கொள்வது நல்லது. நான்குவழிச் சாலையில் லாரி உரசிப் போகிற ஓரத்தில், அதுவும் ராத்திரி, உட்கார்ந்து செய்யவே கூடாது. அப்போது காற்றை மட்டும் அடித்து, மெதுவாக ஓட்டிப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். ஆணியைப் பிடுங்காமல் காற்றடித்தால் பெரும்பாலும் அடுத்த பங்க் வரை தாங்கும்.

## அவசர டப்பா

2020-இல் மோட்டார் வாகன விதியைத் திருத்தியதிலிருந்து, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்த சென்சாரும் பஞ்சர் கிட்டும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. அதனால் சில புது வண்டிகளில், குறிப்பாக மின்சாரக் கார்களில், ஸ்டெப்னிக்குப் பதில் ஒரு திரவ டப்பாவும் கம்ப்ரசரும்தான் இருக்கும். இது ஊற்றிவைப்பதற்கு இல்லை. பஞ்சர் ஆன பிறகு அடித்து, குறைந்த வேகத்தில் அடுத்த கடை வரை போவதற்கு. டப்பாவில் காலாவதித் தேதி இருக்கும், வண்டி வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள். இன்றைக்கே டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

லாரி டயருக்குள் போடும் சின்னக் கண்ணாடி மணிகள் என்று ஒன்றும் உண்டு, பேலன்சிங்குக்கு மட்டும். நம் ஊர்க் கார்க்காரர்களுக்கு அது தேவையில்லை. நைட்ரஜன் அடித்தால் பஞ்சர் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், முள்ளுக்கு உள்ளே இருக்கும் காற்று எது என்று தெரியாது.

## ஒரே பார்வையில்

| | வெயிட், கடைத் திரி | ஊற்றிவைக்கும் திரவம் | சொந்தத் திரி செட் | அவசர டப்பா |
|---|---|---|---|---|
| முள் | கடை வரை தள்ள வேண்டும் | மிக நன்று | சரி, ஆனால் அடிக்கடி வேலை | வீண் செலவு |
| ஆணி | நன்று | அடைக்கும், ஆனால் மறைக்கும் | நன்று | கடை வரை மட்டும் |
| 80-க்கு மேல் ஓட்டம் | மிக நன்று | நடுக்கம் வரலாம் | பேலன்சிங் கெடாது | கூடாது |
| டியூப் டயர் | ஒட்டுப் போடலாம் | சின்ன முள்ளுக்கு மட்டும் | முடியாது | பெரும்பாலும் பயனில்லை |
| தனியாக, ராத்திரி | சிரமம் | மிக நன்று | இடத்தைப் பொறுத்து | நன்று |
| பின்னால் வரும் செலவு | குறைவு | கழுவுதல், துரு, காய்தல் | திரி மாற்றுவது | டயரைக் கழுவ வேண்டும், புது டப்பா |

## யாருக்கு எது

முள் ரோட்டில் 40, 50 வேகத்தில் ஓடும் டியூப்லெஸ் ஸ்கூட்டர், பைக் என்றால் யோசிக்காமல் திரவம் ஊற்றுங்கள். அந்த வேகத்தில் பேலன்சிங் பெரிய பேச்சே இல்லை, முள்தான் பேச்சு. தேரிக்காட்டுப் பக்கம் தோட்டத்துக்குள்ளேயே சுற்றும் சின்ன வண்டிகளுக்கும் இதுவே.

களக்காட்டு லோடு ஆட்டோக்காரருக்கு நான் சொன்னது, அவர் டயர் டியூப்லெஸ்ஸாக இருந்தால் முன்சக்கரத்துக்கு ஊற்றுங்கள் என்பது. மூன்று சக்கர வண்டியில் முன்சக்கரம் காற்றுப்போனால் வண்டியை அடக்குவதே கஷ்டம், தார் ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். பின் டயர்களைத் தேய்ந்து மொட்டையாகும்வரை ஓட்டிவிட்டு மேலே திரவம் ஊற்றுவது வேண்டாம் என்றும் சொன்னேன். தேய்ந்த டயருக்கு மருந்து புது டயர்தான்.

மாதத்தில் நாலு தடவை மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் போகிற காருக்கு வெயிட் ஒட்டிப் பேலன்சிங், டிக்கியில் காற்று சரிபார்த்த ஸ்டெப்னி, கூடவே திரி செட்டும் கம்ப்ரசரும். என் காரில் இப்போது இதுதான் இருக்கிறது. அக்கா மகனுக்கும் இதைத்தான் சொன்னேன், அவன் பாட்டிலை வேண்டாம் என்றுவிட்டு அந்தக் காசில் கம்ப்ரசர் வாங்கினான். ஸ்டெப்னி மாற்றவோ திரி சொருகவோ முடியாத வயதானவர்கள் காரை ஊருக்குள் மட்டும் மெதுவாக ஓட்டுகிறார்கள் என்றால், அவர்கள் திரவம் ஊற்றிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

ஊற்றுவது என்று முடிவு செய்தவர்கள் இதைக் கவனியுங்கள். வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றி, டயருக்கு எழுதியிருக்கும் அளவு மட்டும் ஊற்றி, காற்றடித்த உடனே நிறுத்தாமல் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், அப்போதுதான் சுற்றிலும் படரும். பேலன்சிங் செய்ய வேண்டிய வண்டியாக இருந்தால் ஊற்றுவதற்கு முன்னாலேயே மெஷினில் மாட்டி வெயிட் ஒட்டிவிடுங்கள், ஊற்றின பிறகு மெஷின் காட்டும் கணக்குச் சரியாக வராது. ஊற்றின தேதியை ரிம்மின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதிவையுங்கள். பங்கில் காற்றுப் பார்க்கும்போது வால்வு மேலே வரும்படி வண்டியை நிறுத்துங்கள், கீழே இருந்தால் கூழ் வால்வுக்குள் ஏறிக் காற்று மீட்டரையும் அடைத்துவிடும், அடுத்து வருகிறவருக்கும் தப்பான அளவு காட்டும்.